பன்னிரண்டாவது குப்பி

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே அக்கா. முதுகுக்குப் பின்னால் லேபிள் அக்கா. இரண்டாவது பெயர் அவள் காதுக்கு எட்டவில்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எட்டாமல் என்ன, அது கிளம்பிய வாரமே எட்டிவிட்டது. உள்ளுக்குள் பெருமைதான். அதைக் காட்டிக்கொண்டால் அப்புறம் எவன் பயப்படுவான் என்று உம்மென்று இருந்துகொண்டாள்.

பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. நடைபாதைக் கோடியில் இரண்டு கதவுகளைத் தாண்டினால் வரும் செல் வளர்ப்பு அறைதான் அவள் ராஜ்ஜியம். முப்பத்தோரு வருஷமாக அங்கே அவள் பார்த்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், சமைத்துப் போடுவது. மனிதத் தோலிலிருந்தும் எலியின் ஈரலிலிருந்தும் எடுத்த செல்கள் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளில், இன்குபேட்டர் என்ற வெதுவெதுப்பான பெட்டிக்குள் வளரும். மீடியா என்கிற ரோஜா நிறத் திரவம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. அது மஞ்சளாகிவிட்டால் சாப்பாடு கெட்டுவிட்டது, உடனே மாற்ற வேண்டும். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. நமக்குக் காய்ச்சல் என்றால் புரியாது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் நாலைந்து வருஷம் இருந்து பட்டத்தை வாங்கிக்கொண்டு பறந்துவிடுவார்கள். அக்கா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். குப்பியில் எதை வைத்தாலும் அது என்ன செல், யாருடையது, எந்தத் தேதியில் வைத்தது என்று மூன்றும் எழுதியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் குப்பைக்கூடைதான். ஒருமுறை ஒரு மாணவன் மூன்று மாத உழைப்பைத் தேதி எழுதாமல் வைத்துவிட்டான். அக்கா தூக்கிப் போட்டுவிட்டாள். அவன் கெஞ்சினான், புரொபசரிடம் சிபாரிசுக்கு ஓடினான், கண்ணைக்கூடக் கசக்கிப் பார்த்தான். பாச்சா பலிக்கவில்லை.

“எப்ப வெச்சதுன்னே தெரியாத செல்லை வெச்சு நீ என்ன எழுதினாலும் நான் நம்ப மாட்டேன்ப்பா. பக்கத்துல இருக்கிற நானே நம்பலைன்னா ஊர்ல எவன் நம்புவான்?”

இப்போது அவன் எங்கேயோ பெரிய பதவியில் இருக்கிறான். வீட்டில் உப்பு ஜாடிக்குக்கூடத் தேதி எழுதி ஒட்டுகிறானாம். அவன் மனைவி ஃபோன் போட்டு, என் புருஷனை என்ன செய்து வைத்தீர்கள் என்று அக்காவிடம் சண்டைக்கு வந்தாள்.

அக்கா ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தபோது ஆய்வகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. பழைய புரொபசர் போன பிறகு தலைமைக்கு வந்தவர் ஒரு பெண்மணி. நாற்பது வயது, நடக்கும்போதே பேசி முடித்துவிடுகிற ரகம். மேடம் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் ஒரு திங்கட்கிழமை அக்காவை அழைத்தார்.

“அக்கா, நைட்ரஜன் தொட்டி மூணுல ரெண்டைத்தான் எடுத்துட்டுப் போறோம். மனுஷங்ககிட்டேருந்து எடுத்த செல் எதுவா இருந்தாலும், கொடுத்தவங்களோட சம்மதக் கடிதம் இருந்தாத்தான் கூட வரும். இல்லாததை அழிச்சிடணும். கமிட்டி உத்தரவு. வெள்ளிக்கிழமைக்குள்ள பட்டியல் வேணும்.”

“அதுதான் மேடம் முறை,” என்றாள் அக்கா.

அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்ற அவள் கத்திக்கொண்டிருந்ததை இப்போதுதான் ஒரு கமிட்டி கூடி உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறது. பரவாயில்லை, இப்போதாவது உறைத்ததே என்று நினைத்துக்கொண்டே தடித்த கையுறைகளை மாட்டினாள்.

மூன்றாவது தொட்டிதான் பழசு. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை விளிம்பில் வழிந்து தரையெல்லாம் பரவும். அந்தக் குளிரில் செல்கள் வைத்தது வைத்தபடி உறைந்து நிற்கும். வளராது, சாகாது. அடுக்கைத் தூக்கி, பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு குப்பியாகப் பார்த்துப் பட்டியலில் எழுதினாள். புதன்கிழமை மத்தியானம் ஒரு பெட்டியின் மூலையில் ஒரே ஒரு குப்பி தனியாக நின்றது. மங்கிய மையில் அவளுடைய கையெழுத்து. தோல். ஆண், 33. முன்கை. தேதியும் இருந்தது. யாருடையது என்று எழுத வேண்டிய இடம் காலி.

பழைய பதிவேட்டைப் புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஊரையெல்லாம் விரட்டியவள் ஆயுசில் பெயர் எழுதாமல் வைத்தது அந்த ஒரு வரிசையைத்தான். அது அவள் வீட்டுக்காரருடைய தோல். அவர் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அக்கா அந்த லேபிளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வெளியே கொஞ்சம் அதிகம் நின்றால் குப்பிக்கு ஆகாது என்ற நினைப்பு வந்த பிறகுதான் பெட்டியைத் திரும்ப உள்ளே இறக்கினாள். மூடியைப் போட்டுவிட்டு அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

அது அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். புரொபசருக்கு அப்போது தலை நிறைய முடி, வாய் நிறையத் திட்டு. நோய் வந்த தோலோடு ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல ஆரோக்கியமான ஆளின் தோல் துணுக்கு ஒன்று வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் கடிதமாவது கமிட்டியாவது. ஆய்வகத்தில் யாராவது ஒருவர் கையை நீட்டுவார், அதுதான் வழக்கம். அன்றைக்குப் பார்த்து ஒருவரும் நீட்டவில்லை. ஒருவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமாம். இன்னொருவருக்கு மறுநாள் பரீட்சை. கையில் என்ன பரீட்சையோ. மூன்றாமவர் கழிப்பறைக்குப் போகிறேன் என்று போனவர் சாயங்காலம்தான் தலை காட்டினார்.

இன்குபேட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார் பல்கலைக்கழகப் பட்டறை மெக்கானிக். தலையைத் தூக்காமலே சொன்னார்.

“என்கிட்ட நிறையத் தோல் இருக்கு சார். வேணுங்கிறதை எடுத்துக்குங்க.”

டாக்டர் ஒருவர் வந்து அவர் முன்கையை மரத்துப்போகச் செய்து பருப்பளவு துணுக்கு எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, மெல்லிய கண்ணாடித் துண்டின் அடியில் அமுக்கி, மீடியா ஊற்றி, அவர் சரிசெய்து கொடுத்த அதே இன்குபேட்டரில் வைத்தாள். துணுக்கின் ஓரத்திலிருந்து செல்கள் ஊர்ந்து வெளியே வர எட்டுப் பத்து நாள் ஆகும். அதுவரை சும்மா காத்திருக்க வேண்டியதுதான்.

மெக்கானிக்குக்குச் சும்மா இருக்க முடியுமா? மறுநாள் காலையிலேயே கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றார். பெட்டியின் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

“நான் எப்படி இருக்கேன்?”

“இன்னும் ஒண்ணும் தெரியலை.”

“சாப்பிட்டேனா?”

“நேத்துதான் ஊத்தினேன். இனி மூணு நாள் கழிச்சுத்தான்.”

“அநியாயமா இருக்கே. வெளியில இருக்கிற நான் மூணு வேளை சாப்பிடுறேன்.”

அவள் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு சிரித்தாள். மறுநாள் கதவு ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்தார். அதற்கு மறுநாள் வயர். அதற்கும் மறுநாள் எந்தச் சாக்கும் கிடைக்காமல், இந்தப் பக்கமாக வந்தேன் என்றார். பட்டறை இருப்பது கட்டடத்துக்கு நேர் எதிர்க் கோடியில். புரொபசருக்கே விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்குத்தான் புரியாத மாதிரி ஒரு நடிப்பு.

ஒன்பதாம் நாள் துணுக்கின் ஓரத்தில் நீள நீளமாகச் செல்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து வரிசை கட்டியிருந்தன. அவர் வந்ததும் முதல் தடவையாக மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்து, பாருங்கள் என்றாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு அழகாவா இருக்கேன்?” என்றார் கடைசியில்.

“உள்ளுக்குள்ள எல்லாரும் இப்படித்தான் இருப்பாங்க,” என்று வெடுக்கென்று சொன்னாள். முகம் சூடாகிவிட்டது.

செல்கள் பெருகிக் குடுவை குடுவையாக நிறைந்தபோது, பன்னிரண்டு குப்பிகளில் பிரித்து உறைய வைத்தாள். பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. தன் கையால் அவர் பெயரை எழுதினால் அறையே பார்த்துச் சிரிக்கும். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த மாதம் அவர் வந்து, நாம் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்தச் சந்தோஷத்தில் லேபிள் எங்கே ஞாபகம் இருக்கும்?

இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினார்கள். சண்டை போடாத தம்பதி என்று பொய் சொல்ல மாட்டேன். ஸ்பேனரைச் சமையல் மேசையில் வைப்பது அவர் பழக்கம், அதை ஜன்னல் வழியே வெளியே வைப்பது அவள் பழக்கம். சண்டை முற்றினால் அவர், “நான் ஒருத்தன் போனா என்ன, அங்கே இன்னும் பன்னெண்டு பேரா இருக்கேன். அவங்ககூடக் குடும்பம் நடத்து,” என்பார். அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆராய்ச்சிக்கென்று யாராவது ஒரு குப்பியை எடுத்துப் போனால் சாயங்காலம் வீட்டில் வந்து சொல்வாள்.

“இன்னைக்கு ஒரு பொண்ணு உங்களை எடுத்துட்டுப் போனா.”

“நல்ல பொண்ணாப் பார்த்துக் கொடுத்தியா?”

இப்படியே பதினோரு குப்பிகள் போயின. மகள் பிறந்து, படித்து, வேலைக்கென்று வேறு ஊருக்குப் போனாள். ஒரு நாள் நெஞ்சு வலி என்று அவர் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் இல்லை. அதற்கப்புறம் அக்கா மூன்றாவது தொட்டியின் பக்கமே அதிகம் போகவில்லை. பன்னிரண்டாவது குப்பியையும் யாரோ எடுத்துப் போயிருப்பார்கள் என்றே மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது அது இருக்கிறது. கடிதம்தான் இல்லை. வெள்ளிக்கிழமை பட்டியலைக் கொடுத்ததும் ப்ளீச் ஊற்றி அழிக்க வேண்டும், அதுவும் அவள் கையால்.

வியாழக்கிழமை காலையில் சம்மதப் படிவம் ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொடுத்தவர் கையெழுத்து என்று கீழே ஒரு கோடு. அவர் கையெழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மகளின் பள்ளிக்கூட அறிக்கையில் பாதிக்கு மேல் அவள்தான் அவருக்காகப் போட்டிருக்கிறாள். தேதியை ஏழெட்டு வருஷம் பின்னால் தள்ளிப் போட்டால் வேலை முடிந்தது. யார் கேட்கப்போகிறார்கள்? லேபிள் அக்கா நீட்டும் காகிதத்தைச் சந்தேகப்படுகிற ஆள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். அச்சு அசலாக வந்தது. கடைசி எழுத்தின் கொக்கிகூட அவர் போடுகிற மாதிரியே வளைந்தது. அதைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு துண்டுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். தேதிக்காக மூன்று மாத உழைப்பைத் தூக்கிப் போட்டவள், தனக்கென்று வரும்போது தேதியையே பொய்யாக எழுதுவதா?

பட்டியலில் அந்த வரியைப் பூர்த்தி செய்தாள். கொடுத்தவர் காலமாகிவிட்டார், கடிதம் இல்லை. நேரே போய் மேடத்திடம் கொடுத்தாள். அவர் வழக்கம்போல நின்றுகொண்டே படித்தார்.

“இவர் இறந்துட்டார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் வீட்டுக்காரர் மேடம்.”

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசி அக்கா பார்த்ததில்லை.

“திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமே அக்கா.”

“திங்கக்கிழமை எனக்கே தெரியாது. தெரிஞ்சப்புறம் சொன்னா, எனக்காக நீங்க விதியை வளைப்பீங்க. வளைச்சிட்டா நாளைக்கு நான் யாரைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேக்க முடியாது.”

“வளைக்கவே வேண்டாம். கொடுத்தவர் இல்லைன்னா மனைவியோ பிள்ளையோ சம்மதம் கொடுக்கலாம். படிவத்துல ரெண்டாம் பக்கத்துல இருக்கு. நீங்க திருப்பிப் பார்க்கலையா?”

அக்கா திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு படிவத்தை முழுசாகப் படிக்காமல் அவள் வைத்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் இந்தப் படிவமா என்று தன்னையே நொந்துகொண்டாள். இரண்டாம் பக்கத்தை இப்போது வரி விடாமல் படித்தாள். இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, தீரும்வரை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம். மற்றது, அழித்துவிடலாம்.

“சும்மா பத்திரமா வெச்சிருக்கலாம்னு ஒரு கட்டம் கிடையாதா மேடம்?”

“இல்லை அக்கா,” என்றார் மேடம் மெதுவாக.

தீரும்வரை என்றால் என்ன என்று அக்காவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தோலின் செல்களுக்கு ஒரு கணக்கு உண்டு. இத்தனை தடவைதான் இரண்டாகப் பிரியும், அப்புறம் நின்றுவிடும். அந்தப் பன்னிரண்டு குப்பிகளை நிரப்பவே எவ்வளவோ பெருக்க வேண்டியிருந்தது. அதற்குள்ளேயே பல தடவை பிரிந்த செல்கள். இன்னும் ஏழெட்டுத் தடவை பிரிந்தாலே அதிகம். ஆய்வகத்தில் கனத்த கண்ணாடி போட்ட ஆராய்ச்சியாளர் ஒருத்தி இருந்தாள், சோடாபுட்டி என்று பெயர். செல் எப்படிக் கிழடாகிறது, எப்படி நிற்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. இப்படிப்பட்ட செல்லுக்காக ஊரெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். கட்டத்தில் குறி போட்டால் குப்பி அவளுக்குத்தான் போகும். வெளியே எடுத்தால் வளரும், வளர்ந்தால் தீரும்.

அக்கா மகளுக்கு ஃபோன் போட்டாள்.

“அம்மா, அது அப்பாவா?”

“அப்பா இல்லைடி. அப்பாவோட தோல்.”

“அப்புறம் ஏன் அழற?”

“அப்பாவோட தோல்னுதான் அழறேன்.”

மகள், அப்பன் பெண் அல்லவா, பட்டென்று போட்டு உடைத்தாள். “நீ அடுத்த வருஷம் ரிட்டயர் ஆயிடுவ. அப்புறம் உன்னை அந்தக் கதவுக்குள்ள விடவே மாட்டாங்க. அப்பா யாருன்னே தெரியாத ஒருத்தர் ஒரு நாள் தொட்டியைச் சுத்தம் பண்றேன்னு தூக்கிப் போடுவாங்க. நீ இருக்கிறப்பவே வெளியில எடும்மா. நீயே பக்கத்துல இருந்து பார்த்துக்கோ.”

அக்கா முதல் கட்டத்தில் குறி போட்டு, தன் கையெழுத்தைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குப்பியை வெளியே எடுத்து, உடம்புச் சூட்டில் இருந்த தண்ணீரில் பிடித்துச் சுழற்றினாள். கை பிசகவில்லை. அது ஆயிரக்கணக்கான குப்பிகளுக்குச் செய்த வேலை. ரோஜா நிற மீடியாவில் ஊற்றி, குடுவையை மூடி, இன்குபேட்டரில் வைத்தாள். உறைவிலிருந்து எழுந்த செல்லை முதல் நாள் தொந்தரவு செய்யக் கூடாது. அசையாமல் விட்டால்தான் அடியில் ஒட்டிக்கொள்ளும். இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேரை அழ வைத்திருக்கிறாள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் அவளே நாலு தடவை குடுவையை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டாள். நாலாவது தடவை சோடாபுட்டியிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

“அக்கா, முதல் நாள் எடுத்துப் பார்க்கக் கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டியிருக்கே.”

“யார் எழுதினது?”

“நீங்கதான்.”

“அது உங்களுக்கு எழுதினது.”

மறுநாள் பார்த்தபோது பாதிச் செல்கள் செத்து மிதந்தன. அவள் அவசரத்தால் எத்தனை செத்ததோ, அது அவள் மனசாட்சிக்கே வெளிச்சம். மீதிப் பாதி ஒட்டிக்கொண்டு நீள நீளமாகக் கால் பரப்பியிருந்தன. மைக்ரோஸ்கோப்பிலிருந்து அவள் கண்ணை எடுக்கவே இல்லை. சோடாபுட்டி எட்டிப் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த ஐந்து மாதம் அக்கா ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஆய்வகம் மாறிய அன்று மற்ற குடுவைகளெல்லாம் வண்டியில் பெட்டியில் போயின. அந்தக் குடுவை அவள் மடியில் போயிற்று. புதுக் கட்டடத்தில் ஏசி நன்றாக இருந்தது, காற்றை வடிகட்டும் மேசை சத்தமில்லாமல் ஓடியது. அந்தக் காலத்து இன்குபேட்டரை மட்டும் பழைய இரும்போடு போட்டுவிட்டு வந்தது அவளுக்கு வருத்தம். மீடியா மாற்றும்போது வாய்க்குள்ளேயே ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். மகளுக்கு வேலையில் பதவி உயர்ந்தது, வீட்டில் குழாய் ஒழுகுவது, வந்த பிளம்பருக்கு ஒரு எழவும் தெரியவில்லை என்பது. செல்கள் முதலில் வாரம் ஒரு தடவை பிரிந்தன. பிறகு மாதம் ஒரு தடவை. பிறகு மெலிந்து நீண்டிருந்தவை அகன்று, தடித்து, அப்படியே நின்றுவிட்டன. சோடாபுட்டிக்கு வேண்டியதும் அதுதான். அளந்தாள், படம் எடுத்தாள், நோட்டு நோட்டாக எழுதினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து தயங்கித் தயங்கி நின்றாள்.

“அக்கா, ஆறு வாரமா ஒண்ணுகூடப் பிரியலை. எனக்கு வேண்டியது எல்லாம் எடுத்தாச்சு. கடைசிக் குடுவையை இன்னைக்கு முடிச்சிடவா? நீங்க வேணும்னா கொஞ்சம் வெளியில இருங்க. நான் பண்ணிடறேன்.”

“வேண்டாம்மா. நான் இருக்கேன். நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா.”

ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் போன அன்றைக்கு அவள் அவர் பக்கத்தில் இல்லை. ஒரு மருந்துச் சீட்டைக் கையில் திணித்து, கீழே போய் வாங்கி வாருங்கள் என்றார்கள். போனாள். வரிசை நீளமாக இருந்தது. முன்னால் நின்றவரிடம் சில்லறை இல்லை. மருந்தோடு மாடிக்கு வந்தபோது துணியை முகம்வரை இழுத்து மூடியிருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் அவர் கண் திறந்து யாரையாவது தேடினாரா என்று நர்ஸிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மகளிடமும் இதைச் சொன்னதில்லை. ஆறு வருஷமாக மனசு அந்த வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தது.

அக்கா குடுவையை மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள்.

“இங்கதான் இருக்கேன்,” என்றாள்.

பிறகு மூடியைத் திறந்து, தன் கையாலேயே ப்ளீச்சை ஊற்றினாள். ரோஜா நிறம் முழுக்க வெளுத்துப் போகும்வரை கண்ணை எடுக்கவில்லை. சோடாபுட்டி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோதும் அக்கா அதே நாற்காலியில், குடுவையின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.